மதிப்புறுத்தல் வாரியத்தின் உற்சாக நடை

சிஸ்டரைத் தேடி வாரியத்திலிருந்து மூன்று தடவை கடிதம் வந்தது. மூன்று தடவையும் கதவு பூட்டியிருந்தது. அவர் வேலையாக வெளியே போயிருந்தார். நான்காவது தடவை கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன கடிதம், தாங்கள் யாருக்கும் கதவைத் திறப்பதில்லை என்றும், சமூகத்திலிருந்து முற்றிலும் ஒதுங்கிவிட்டீர்கள் என்றும் அறிந்து வாரியம் மிகுந்த மனவேதனை அடைவதாகத் தெரிவித்தது.

வாரியம் என்றால் மூத்தோர் ஈடுபாடு மற்றும் மதிப்புறுத்தல் வாரியம். அறுபது வயது தாண்டிய எவரும் மூலையில் முடங்கிவிடக் கூடாது, எல்லோரும் மதிப்போடு வாழ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தார்கள். நல்லெண்ணம் இன்றைக்கு ஆறு மாடியாக வளர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் எண், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை, வருஷா வருஷம் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். அறுபதுக்குக் கீழே போனால் 'மதிப்பிழக்கும் அபாயத்தில் உள்ளவர்.' அப்படிப்பட்டவரை வாரியம் கைவிட்டுவிடாது. ஊருக்கு வெளியே எட்டு மைல் தள்ளியிருக்கும் அரவணைப்பு இல்லத்தில் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்தபடியே சமூகத்தோடு இணைக்கும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்பது வாரியத்தின் பெருமை. திரும்பி வந்தவரே இல்லை என்பதை மட்டும் அது தனியாகச் சொல்வதில்லை.

சிஸ்டருக்கு அறுபத்தேழு வயது. அறுவை சிகிச்சை வார்டில் முப்பத்தாறு வருஷம் நர்ஸ். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது என்று ஆஸ்பத்திரிக் காகிதம்தான் சொல்லும். அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் யாருக்குத் தையல் பிரிக்க வேண்டுமானாலும், எந்தக் குழந்தைக்குத் தொப்புள் துடைக்க வேண்டுமானாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பெற்ற மகன்கூட வெளியூரிலிருந்து போனில் "என்ன சிஸ்டர், சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பான்.

இப்போது அவர் கையில் இருந்த பெரிய வேலை எதிர்வீட்டு லேத்துக்காரரின் இடது கால். பட்டறையில் நாற்பது வருஷம் நின்றபடியே இரும்பு கடைந்த மனுஷன். எழுபத்திரண்டு வயது, மனைவி இல்லை, சர்க்கரை உண்டு. உள்ளங்காலில் வந்த புண் உணர்ச்சியே இல்லாமல் பரவிவிட்டது. வெட்டி எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். சிஸ்டர் அவரோடு மல்லுக்கு நின்றார். "சரி, தினம் ரெண்டு வேளை கட்டு மாத்துங்க. ஆறு வாரம் கால் தரையில படக்கூடாது. ஒரு நாள் ஊன்றினாலும் கால் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்று டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்தார். "நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான் சிஸ்டர். நான்கு வாரம் ஓடிவிட்டது. உள்ளங்கை அளவு இருந்த புண் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம்.

இந்த நிலையில்தான் ஆய்வாளரம்மா வந்து சேர்ந்தார். சிஸ்டரை அவர் கண்டுபிடித்தது லேத்துக்காரரின் கட்டிலடியில், கையுறையும் கத்தரியுமாக. ஆய்வாளரம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயதிருக்கும். கக்கத்தில் கோப்பு, முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. முக்காலியின் நுனியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"கடைசியா நீங்க எப்பம்மா சமூகத்தோட கலந்துகிட்டீங்க?"

"இப்பக்கூட கலந்துகிட்டுதான் இருக்கேன்."

"இவர் யாரு?"

"எதிர்வீடு."

"எதிர்வீடு சமூகத்துல வராதும்மா. அது அண்டை அயல். அதுக்கு வேற படிவம்." அவர் பக்கத்தைப் புரட்டினார். "இப்ப நீங்க செய்யறது பொழுதுபோக்கா, வேலையா?"

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "புண்ணுக்குக் கட்டு போடறேன்."

"பொழுதுபோக்குன்னா நாலு மதிப்பெண் போடலாம். வேலைன்னா கழிக்கணும். ஓய்வு பெத்தவங்க பழைய வேலையையே செஞ்சுகிட்டிருந்தா அது மனசு ஒதுங்கினதுக்கு அறிகுறின்னு சுற்றறிக்கை வந்திருக்கு."

"பொழுதுபோக்குன்னே எழுதுங்க மேடம்" என்றார் லேத்துக்காரர், காலை நீட்டியபடி. "என்னைப் படுக்க வெச்சு அதிகாரம் பண்றதுதான் இவங்களுக்குப் பொழுதுபோக்கே."

ஆய்வாளரம்மா எழுதி நான்கு போட்டார். பிறகு குறிப்புப் பத்தியில் 'ரத்தம், சீழ் ஆகியவற்றில் நாட்டம்' என்று எழுதி ஆறு கழித்தார். மொத்தத்தில் சிஸ்டருக்கு நாற்பத்தொன்று வந்தது. நான்கு வாரமாக வாசல்படி தாண்டாத லேத்துக்காரருக்கு முப்பத்து மூன்று.

"பயப்படாதீங்க" என்றார் ஆய்வாளரம்மா. "சிஸ்டரம்மா தினமும் ஈடுபாட்டு மையத்துக்கு வந்தா ஏறிடும். ஐயாவுக்கு அது போதாது. இன்னிலேருந்து பதினொண்ணாம் நாள் உற்சாக நடை இருக்கு. மூணு கிலோமீட்டர் நடந்தா ஒரே அடியா முப்பது மதிப்பெண்."

"இவர் காலைத் தரையில வெக்கக் கூடாது!" என்று சிஸ்டர் கத்திவிட்டார். "சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வரட்டுமா?"

"சக்கரம் வெச்சது நடையில சேராதும்மா. அது போக்குவரத்துத் துறை." ஆய்வாளரம்மா கோப்பை மூடினார். கதவருகே நின்று, தாழ்ந்த குரலில், "வரலைன்னா பன்னெண்டாம் நாள் வண்டி வந்துடும். கோவிச்சுக்காதீங்க. நான் எழுதறவ மட்டும்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து, காலைக் கட்டுக்கும் மாலைக் கட்டுக்கும் நடுவே, சிஸ்டர் சமூகத்தில் கலக்கத் தொடங்கினார்.

ஈடுபாட்டு மையத்தின் மூன்றாவது மாடியில் அனுபவம் கேட்கும் அறை. முதியவர் ஒருவர் உள்ளே போனால், எதிரே ஓர் அலுவலர் ஏழு நிமிடம் தலையாட்டுவார். மேஜையில் கடிகாரம் ஓடும். தலையாட்டும் அலுவலரின் கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்ததைச் சிஸ்டர் உட்காரும்போதே பார்த்துவிட்டார்.

"தங்கள் நெடிய வாழ்க்கையிலிருந்து எங்களுக்கு ஓர் அறிவுரை."

"தம்பி, ரெண்டு காலும் வீங்கியிருக்கு. அமுக்கினா குழி விழுதா? இன்னிக்கே போய்ச் சிறுநீர் பரிசோதனை பண்ணிக்கோங்க."

அலுவலர் தலையாட்டலை நிறுத்தினார். "பொதுவா வாழ்க்கையைப் பத்தி மட்டும் சொல்லுங்கம்மா. பயன்படற மாதிரி இருந்தா அது ஆலோசனைப் பிரிவுக்குப் போயிடும். அங்க ஐம்பது வயசுக்கு மேல எடுக்கறதில்ல."

"அப்ப... எல்லாரும் நல்லா இருங்க" என்றார் சிஸ்டர். ஐந்து மதிப்பெண் கிடைத்தது.

கைதட்டும் கூடத்தில் இன்னும் ஐந்து. அங்கே முதியவர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, இந்த வரிசை அந்த வரிசையைப் பாராட்டும். மணி அடித்ததும் அந்த வரிசை இந்த வரிசையைப் பாராட்டும். எதற்காகப் பாராட்டுகிறோம் என்று கேட்ட ஒரு பெரியவருக்கு அன்றைய மதிப்பெண் போய்விட்டது. இது தவிர, தன்னை மதிப்பவர்கள் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். குடும்பத்தார் கூடாது, அது பாசம். பக்கத்து வீட்டார் கூடாது, அது பழக்கம். உதவி பெற்றவர்கள் கூடவே கூடாது, அது சுயநலம். முன்பின் தெரியாதவர்கள்தான் உண்மையாக மதிப்பார்கள் என்று வாரியம் கண்டுபிடித்திருந்தது. சிஸ்டர் ஒரு மத்தியானம் முழுக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, போகிற வருகிறவர்களிடம் "என்னைக் கொஞ்சம் மதிக்க முடியுமா?" என்று கேட்டார். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது ஆள் போலீஸைக் கூப்பிடட்டுமா என்றான்.

இந்தக் கூத்தெல்லாம் சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். மனசு மட்டும் அந்தப் பதினொன்றாம் நாளிலேயே கிடந்தது. தனக்கு மதிப்பெண் ஏறுகிறது, சரி. அந்த மனுஷன் காலுக்கு என்ன வழி? அவர் இயக்குநரையே பார்த்துவிடுவது என்று ஆறாவது மாடிக்கு ஏறினார்.

இயக்குநருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. பஞ்சு மாதிரிக் குரல். எழுந்து வந்து சிஸ்டரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உங்களைப் பார்த்தா எங்கம்மா ஞாபகம் வருதும்மா."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இல்லத்துல இருக்காங்க, நாலு வருஷமா. ரொம்ப மதிப்பா இருக்காங்க. மாசா மாசம் அறிக்கை வருது."

சிஸ்டர் லேத்துக்காரரின் காலைப் பற்றிச் சொன்னார். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினார். இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள், நாலு வாரத்து உழைப்பு வீணாகிவிடும் என்று கெஞ்சினார். கெஞ்சிப் பழக்கமே இல்லாதவர். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அம்மா, இந்த வாரியம் வர்றதுக்கு முன்னால நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? எழுபது வயசுக்காரர்கிட்ட போய் மிஷின ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு கேப்பாங்க. உங்களை மாதிரி அம்மாவைப் பாதித் தூக்கத்துல எழுப்பி ஊசி போடச் சொல்லுவாங்க. என்ன அவமரியாதை! நாங்க பன்னெண்டு வருஷம் பாடுபட்டோம். இன்னிக்கு இந்த ஊர்ல எந்த முதியவரையும் யாரும் எதுக்கும் தேடி வர்றதில்ல. அவ்வளவு மதிப்பு!"

"என்னைத் தேடி வர்றாங்களே."

"அதான் உங்களுக்கு மதிப்பெண் குறைஞ்சிருக்கு" என்றார் இயக்குநர் பரிவோடு.

"ஐயா, நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்க. அவருக்குக் கால் போயிடும்."

"முதியவங்க குரலைக் கேக்கணும்னுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அதுக்கு மூணாவது மாடியில அறை இருக்கும்மா." அவர் மணியை அடித்தார். "விலக்கு வேணும்னா மருத்துவக் குழு பார்த்து எழுதணும். அவங்க நடை அன்னிக்கு வருவாங்க. நடை முடியற இடத்துல, பந்தல்ல உட்கார்ந்திருப்பாங்க. ஐயாவை மெதுவா அங்க வரைக்கும் நடந்து வரச் சொல்லுங்க. நடக்க முடியாதுன்னு அங்கேயே சான்று குடுத்துடுவாங்க."

சிஸ்டர் படியிறங்கும்போது கைப்பிடியை விடவே இல்லை. 

நடந்ததைக் கேட்டு லேத்துக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"சிஸ்டர், கால் போனா கட்டைக் கால் வெச்சுக்கலாம். வீடு போனா எதை வெச்சுக்கறது?"

"உளறாதீங்கண்ணே. நான் ஏதாவது வழி பண்றேன்."

"நீங்க வழி பண்ணப் போய் உங்களையும் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க. உங்களுக்கு இப்ப எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு."

"நடையில கலந்துகிட்டா தாண்டிடுவீங்க. போய் நடங்க. என் கதையை விடுங்க."

பதினொன்றாம் நாள் காலை ஏழு மணிக்குச் சிஸ்டர் கட்டு சாமான்களோடு எதிர்வீட்டுக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. கட்டிலடியில் அவிழ்த்துப் போட்ட கட்டுத் துணி.

சிஸ்டர் படிக்கட்டுக்கு ஓடினார். லேத்துக்காரர் ஒரு தளம் இறங்கிவிட்டிருந்தார். சலவைச் சட்டை, கழுத்தில் அட்டை, இரண்டு காலிலும் பட்டறைக் காலத்து பூட்ஸ். சுவரைப் பிடித்தபடி அடுத்த படியில் இடது காலை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க!"

"ஒண்ணுமே தெரியலை சிஸ்டர்" என்றார் அவர், குற்றவாளிச் சிரிப்போடு. "வலியே இல்ல. மூணு கிலோமீட்டர்தானே, போயிடுவேன்."

அவர் ஊன்றி வந்த படிகளில், ஒன்று விட்டு ஒன்றில், சிவப்பாக அரை வட்டம் பதிந்திருந்தது. சிஸ்டர் பார்த்த இடத்தை அவரும் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

எப்படித்தான் ஏற்றினாரோ, சிஸ்டர் தன்னைவிட ஒன்றரை மடங்கு கனமுள்ள மனுஷனைத் தோளில் தாங்கி, ஒற்றைக் காலில் குதிக்க வைத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பூட்ஸைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். உள்ளே ரத்தம் தளும்பியது. பஞ்சுத் துணியை மடித்துப் புண்ணின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். புண் பிளந்துவிட்டதா, ஓரம் மட்டும் கிழிந்ததா என்று பார்க்க முடியவில்லை. பார்க்கக் கையை எடுத்தால் ரத்தம் கொட்டும். இருபது நிமிஷம் அசையாமல் பிடித்தாக வேண்டும்.

அப்போது ஆய்வாளரம்மா உள்ளே வந்தார். வேகமாக ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது.

"கீழ எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. இந்தத் தெருவுக்கு நாப்பது பேர் கணக்கு. முப்பத்தெட்டுதான் வந்திருக்கு. கிளம்புங்..." அதற்குள் அவர் கட்டிலைப் பார்த்துவிட்டார். கோப்பு கையிலிருந்து நழுவியது.

"வர முடியாது" என்றார் சிஸ்டர்.

"ஐயா வர முடியாது, தெரியுது. நீங்களாவது வாங்கம்மா. ரெண்டே ரெண்டு மதிப்பெண்."

"கையை எடுத்தா ரத்தம் நிக்காது."

"வரலைன்னா நான் எழுதணும்மா. ரெண்டு பேரையுமே எழுதணும்!"

"எழுதுங்க" என்றார் சிஸ்டர். குரல் உயரவில்லை. "என்னைக் கொண்டுபோய் எங்க வேணும்னாலும் வெச்சுக்கோங்க. ஆனா நாளைக்கு. இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு."

"போங்க சிஸ்டர்" என்றார் லேத்துக்காரர், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு. அவர் அழுவது தெரிந்தது.

கீழே விசில் ஊதினார்கள். ஒலிபெருக்கி, உற்சாகமாக இருக்கும்படி எல்லோருக்கும் உத்தரவு போட்டது. ஆய்வாளரம்மா கட்டிலையும், தரையில் வெட்டிப் போட்ட பூட்ஸையும், சிஸ்டரின் குனிந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

"ஏழு மாசத்துல எனக்கு அறுபது ஆகுதும்மா" என்றார் திடீரென்று. "எனக்கு எதிர்வீட்டுல யாரும் இல்ல."

 ஆய்வாளரம்மா குனிந்து கோப்பை எடுத்தார். பிறகு லேத்துக்காரரின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார்.

"உங்க அட்டை எங்க?"

"வீட்டுல, கதவுக்குப் பின்னால. எதுக்கு?"

"இந்த வாரியத்துல பன்னெண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். அட்டையில்லாம வர்ற ஆளைத் திருப்பி அனுப்பணும்னு விதி இருக்கு. ஆளில்லாம வர்ற அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லி எங்கயும் எழுதலை." சொல்லிவிட்டுத் தன் துணிச்சலில் தானே பயந்தவர்போல விறுவிறுவென்று வெளியேறினார். எதிரே சிஸ்டர் வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு படிகளில் தடதடவென்று இறங்கும் சத்தம்.

இருபது நிமிஷம் ஆனது. சிஸ்டர் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். மூச்சை விடவில்லை. ரத்தம் நின்றிருந்தது. மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் கழுவிப் பார்த்தார். ஓரத்தில் நக அகலத்துக்குக் கிழிசல். நடுவே புதுச் சதை செக்கச் செவேலென்று, உறுதியாக, விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆ! மெதுவா! எரியுது, வலிக்குது!" என்று அலறினார் லேத்துக்காரர்.

சிஸ்டர் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"வலி உயிர் போகுதுன்னேன்! மனுஷன் காலா, மரக்கட்டையா?"

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்றார் சிஸ்டர். கண்ணில் தண்ணீர் கட்டி, சிரிப்பும் வந்துவிட்டது. ஐந்து வாரத்துக்கு மேலாக அந்தக் காலில் ஊசி குத்தினாலும் தெரியாது. "திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. இந்தக் கால் பொழைச்சிடும். ஆனா மிச்சம் மூணு நாள் இல்ல, மறுபடி நாலு வாரம். அந்தப் பூட்ஸ் பக்கம் போனீங்க, நானே வெட்டிடுவேன்."

அவர் கிழிந்த தோலை ஓரமாகக் கத்தரித்து எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கத்தரிப்புக்கும் லேத்துக்காரர் வாரியத்தை ஒரு வசவு வைதார். இப்படியே ஒரு மணி நேரத்துக்குமேல் வேலை நடந்தது. அதற்குள் ஊர்வலம் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டது. தெருமுனைப் பந்தலிலிருந்து இயக்குநரின் பஞ்சுக் குரல் ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் பரவியது.

"பெரியோர்களே! வாரியத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, வழியில் ஒரு தடவைகூட உட்காராமல், தண்ணீர் கேட்காமல், எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்காமல், முழுத் தூரத்தையும் கடந்து முடித்த இரண்டு மூத்தோரைக் கண்டெடுத்திருக்கிறோம்! மருத்துவக் குழுவும் இவர்களைப் பரிசோதித்து, முழு உடல்தகுதியோடு இருப்பதாகச் சான்று அளித்துவிட்டது! முதுமை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! ஆளுக்கு நூற்றுக்கு நூறு!"

கூட்டம் கைதட்டியது. மணி அடித்ததும் நின்றது. இயக்குநர் இரண்டு எண்களை வாசித்தார்.

"சிஸ்டர், நம்ம நம்பரு" என்றார் லேத்துக்காரர், வசவை நிறுத்திவிட்டு.

"கால ஆட்டாதீங்க."

"எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஒலிபெருக்கி தழுதழுத்தது. "வெட்கப்படாதீர்கள். உங்களை நாங்கள் பார்க்க வேண்டும், பார்த்துப் பெருமைப்பட வேண்டும். எங்கே, கொஞ்சம் கையைத் தூக்குங்கள்!"

லேத்துக்காரர் வலி தாங்காமல் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். சிஸ்டரின் ஒரு கையில் கத்தரி, இன்னொரு கையில் அவருடைய குதிகால். தெருவில் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார்கள். சிஸ்டருக்குக் கை ஒழியவில்லை.